வைக்கோலில் வேகும் சோறு

தீயில்லாமலும் சோறு வேகும் என்று சித்தி சொன்னபோது எனக்கு எட்டு வயது. ஐயமின்றி நம்பினேன். அந்த நம்பிக்கைதான் அனைத்தையும் கெடுத்தது.

சித்தி எங்கள் ரெட்டிபாளையம் வீட்டில் தங்கி ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தாள், மனையியல் பாடம். அரியலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் நடத்த வேண்டிய கடைசிப் பயிற்சி வகுப்பின் தலைப்பு எரிபொருள் சிக்கனம். அதில் தேறினால்தான் பட்டம். பாடநூலில் வெப்பம் காக்கும் பெட்டியின் படம் இருந்தது. பள்ளியில் பெட்டியும் இல்லை, அடுப்பும் இல்லை. அப்பா தான் வேலை பார்த்த சிமெண்டு ஆலையிலிருந்து கொண்டுவந்த காலிச் சாக்கைக் கழுவி, ஓர் அட்டைப்பெட்டிக்குள் விரித்து, வைக்கோலை அடைத்து, நடுவில் ஒரு தூக்குவாளி அமரும் அளவுக்குக் குழி விட்டாள். மேலே மூடுவதற்குப் பழம்புடவையில் பஞ்சு திணித்த தலையணை. வீட்டில் ஐந்து நிமிடம் மட்டும் கொதித்த அரிசி அதற்குள் இறங்கியது. வகுப்பில் திறக்கும்போது சோறாகியிருக்கும் என்றாள்.

அந்தச் சனிக்கிழமை என் பள்ளிக்கு மட்டும் விடுமுறை, நானும் போனேன். பஸ்ஸில் ஓர் இடம்தான் கிடைத்தது. பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு, சித்தி நெரிசலில் பின்னால் நின்றாள்.

"என்ன பாப்பா, மடியில கோழிக்குஞ்சா?" என்றார் பக்கத்து இருக்கை அம்மாள்.

"இல்லைங்க, சோறு வேவுது."

"அடுப்பு இல்லாமலா? யாருக்குக் காது குத்துற?"

சித்தியின் மானம் என் கையில் இருப்பதாகத் தோன்றியது. தலையணையை நீக்கி வாளியைத் திறந்தேன். ஆவி எழுந்தது, அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்த்ததால் இன்னொரு முறை. மூன்றாம் முறை, அந்த ஆவியின் அழகுக்காக எனக்கே எனக்கு. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சித்தி வேகமாகக் கையாட்டினாள். நானும் பெருமையாகக் கையாட்டினேன்.

வகுப்பின் கடைசி வரிசையில் மேற்பார்வையாளர் அம்மையார் சிவப்புப் பேனாவுடன் அமர்ந்திருந்தார். சித்தி பெட்டியைத் திறந்து, ஒரு பருக்கையை விரல்களுக்கிடையே நசுக்கினாள். நடுவில் வெள்ளைப் புள்ளி. ஒரு கணம் கண்களை மூடித் திறந்தாள். பிறகு அந்தப் பருக்கையையே மாணவிகளிடம் நீட்டினாள்.

"இது வேகலை. ஏன்னு சொல்லுங்க."

"நடுவுல யாரோ தெறந்து சூட்டை வெளிய விட்டுட்டாங்க டீச்சர்!" என்றாள் ஒருத்தி.

"யாரும்மா திறந்தது?" என்று பின்னாலிருந்து கேட்டார் மேற்பார்வையாளர்.

"நான்தாங்க மேடம். வேகுதான்னு சந்தேகம் வந்துடுச்சு. மூணு தடவை தெறந்துட்டேன்" என்றாள் சித்தி.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்று! ஒரு பருக்கையைத் தொட்டே எண்ணிக்கையைக் கண்டுபிடித்துவிட்டாளே! பஸ்ஸில் அவள் கையாட்டியதை எண்ணிப்பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை. இத்தனை நுட்பமானதா மனையியல் என்று மலைத்து நின்றேன்.

திரும்பும் பஸ்ஸில் பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பாடக்குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தாள். தேறியிருந்தாள். மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்த சிவப்பு வரியை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன்: "கருவி மிக நன்று. ஆசிரியைக்குப் பொறுமை போதாது."

எனக்குக் கடுங்கோபம் வந்தது.

"அந்த மேடத்துக்கு ஒண்ணுமே தெரியலை, சித்தி."

சித்தி சிரித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.