சனிக்கிழமை மூங்கில்

புத்துலி தாயித் பிறந்ததும் மூங்கில் தரையில், வாழ்க்கைப்பட்டதும் மூங்கில் தரையில். சுபன்சிரி ஆற்றில் வெள்ளம் ஏறினால், மூங்கில் கால்கள்மேல் நிற்கும் வீட்டின் தரையை அவிழ்த்து ஒரு முழம் மேலே கட்டுவதை, நடக்கப் பழகியபோதே பழகிக்கொண்டவள். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். கால் மூங்கில் மாற்றுவது, தரை ஏற்றுவது, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாரைப் புரட்டிப் போடுவது எல்லாம் அவள் தலையில். ஊரில் அவளை வாயாடி என்பார்கள். அந்த வாயும் இல்லாவிட்டால் அவளை என்றைக்கோ ஏறி மிதித்திருப்பார்கள்.

இந்த மழைக்குத் தரை மூங்கில் பாதி உளுத்துப் போயிருந்தது. மூங்கில் தோப்பு குடும்பத்துக்குப் பொது. ஆனால் அதில் கத்தி வைக்க வேண்டுமானால் புருஷனின் அண்ணன் குணாராம் தலையாட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை போய்க் கேட்டாள். செவ்வாயும் சனியும் வெட்டினால் புதரே பட்டுப்போகும் என்றார். புதன்கிழமை பெரிய மனிதர் டவுனுக்குப் போய்விட்டார். வியாழனும் வெள்ளியும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தட்டிக் கழித்தார். சனிக்கிழமை விடிந்தபோது தண்ணீர் அவள் தரைக்கு ஒரு சாண் கீழே நின்றது.

இடுப்பளவு தண்ணீரில் நடந்து போனாள். குணாராம் தன் வீட்டு முன்மேடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் புது மூங்கிலால் கட்டிய மேடை.

"அத்தான், நாலஞ்சு மூங்கில் வேணும். இப்பவே."

"இன்னிக்கு என்ன கிழமைம்மா?"

"வீட்ல கெடக்குறது உங்கம்மா."

"அதுக்காகச் சனிக்கிழமை கத்தி வைக்க முடியுமா? நாளைக்கு விடியட்டும், நானே வெட்டித் தர்றேன்."

பெற்ற தாயின் பாய்க்கு அடியில் ஆறு நிற்கிறது, இவருக்குப் புதர் பட்டுப்போய்விடுமாம்! புத்துலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாருக்குத்தான் எரியாது?

இடுப்புக் கத்தியை உருவி அவருடைய டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு மேடையின் ஓரத்தில் மூங்கில்களைப் பிணைத்திருந்த பிரம்பு முடிச்சை விரலால் நெம்பினாள். அந்த முடிச்சுகளைப் போட்டதே அவள்தான், சொந்தக்காரர் வீடாயிற்றே என்று.

"ஏய், என்ன பண்றே?"

"வெட்டலியே அத்தான். அவுக்கறேன். அவுக்கறதுக்குமா கிழமை பாக்கணும்?"

அவர் கத்தினார். அந்தச் சத்தத்துக்கு வந்த பக்கத்து வீட்டு ஆட்கள் நடந்ததைக் கேட்டுவிட்டு அவளோடு சேர்ந்து அவிழ்க்க ஆரம்பித்தார்கள். குணாராமின் பெண்டாட்டி உள்ளேயிருந்து, "எந்திரிச்சு வாங்க, தண்ணியில விழுந்து வைக்கப் போறீங்க" என்றாள். அவர் டம்ளரோடு உள்ளே நகர்ந்தார். மேடை போயிற்று, அதில் சாத்தியிருந்த ஏணியும் அதோடு போயிற்று.

"நான் எப்படி எறங்குறது?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நல்ல மூங்கிலாப் பாத்து வெட்டி, ஏணி கட்டி எறங்குங்க."

மூங்கில்களைத் தண்ணீரிலேயே இழுத்து வந்தார்கள். மதியத்துக்குள் தரை ஒரு முழம் ஏறியது. பழைய தரை இருந்த மட்டத்தைத் தண்ணீர் சாயங்காலம் தொட்டது. மாமியார் தன் பாய்க்கு அடியில் இருந்த புது மூங்கிலைத் தடவிப் பார்த்தாள். கிழவி முகம் மலர்ந்துவிட்டது.

"பெரியவன் குடுத்தனுப்புனானா?"

புத்துலி கடைசி முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். வாயில் பிரம்பு இருந்தது நல்லதாகப் போயிற்று.