படகில் நாலாவது இடம்

லொவினா கரையில் லு மெர்த்தினியைத் தெரியாத படகுக்காரன் கிடையாது. முதுகுப்பையோடு வந்து இறங்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் டால்பினோடு நீந்துவதற்கு, மூக்கையும் சேர்த்து மூடும் நீச்சல் கண்ணாடிகளை அவள்தான் வாடகைக்குக் கொடுத்தாள். முகத்தைப் பார்த்ததுமே அதற்குச் சேரும் கண்ணாடியை எடுத்து நீட்டுவாள். மீசைக்காரன் வந்தால், "உனக்கு எதுவும் சேராது, தண்ணி உள்ள வரும், அழாத," என்பாள். ஆவி படியாமலிருக்க அவர்கள் எச்சில் துப்பித் துடைத்த கண்ணாடிகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைப்பாள். பாதி ஆயுசு இதிலேயே போனது. புருஷன் கெடே சுக்ராடா ஓட்டியதும் டால்பின் படகுதான். அப்படியும் அவள் ஒரு டால்பினைக்கூடப் பக்கத்தில் பார்த்ததில்லை.

மகள் செகரினிக்கு இதை நினைத்தாலே எரிச்சல் வரும். அவள் டென்பசார் நகரத்தில் லிஃப்ட் பழுதுபார்ப்பவள். கோளாறு என்றால் காரணம் இருக்கும், காரணம் கிடைத்தால் சரிசெய்யலாம் என்று பழகியவள். இங்கே காரணம் தெரிந்தே இருந்தது. டால்பின் விடியலில்தான் மேலே வரும். படகோட்டி போக நாலு பேர்தான் உட்காரலாம். அபூர்வமாக நாலாவது இடம் காலியாக இருந்து அம்மா ஏறி உட்கார்ந்தால், அன்றைக்குப் பார்த்து எவனாவது தூக்கக் கலக்கத்தோடு ஓடி வருவான்.

"பாவம், நாளைக்கு ஊருக்குப் போறானாம்," என்று அம்மாவே இறங்கிவிடுவாள்.

"நீ பாவமில்லையாம்மா?"

"நான் எங்கடி போகப்போறேன்? இங்கதானே கிடக்கேன்."

பிறகு அம்மாவின் உடம்பு கரைய ஆரம்பித்தது. ஈரல் என்றார்கள், நாள் அதிகமில்லை என்றார்கள். செகரினி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். வந்ததும் காற்று. காற்று நின்றதும் கோவில் திருவிழா, ஒரு படகும் இறங்கவில்லை. அது முடிந்தால் அப்பா ஒரு ஜோடிக்கு வாக்குக் கொடுத்து வைத்திருக்கிறார்.

"ரெண்டு பேர்தானே? நாமளும் ஏறுறோம். இன்னைக்கு எவன் ஓடி வந்தாலும் கடல்ல தள்ளிடுவேன்," என்றாள் செகரினி.

"தள்ளேன். அவனும் நீந்தத்தானே வந்திருக்கான்," என்றாள் அம்மா.

யாரும் ஓடி வரவில்லை. அம்மா துண்டைப் போர்த்திக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். நடுக்கடலில் அப்பா எஞ்சினை நிறுத்தினார். அந்தப் பையனும் பெண்ணும் தண்ணீரில் இறங்கி, படகு கவிழாமலிருக்கப் பக்கத்தில் கட்டியிருந்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள்.

கறுப்பு முதுகுகள் பக்கத்திலேயே எழும்பின.

"அம்மா, அங்க பாரு!"

அதே நேரத்தில் அந்தப் பெண் இருமிக்கொண்டு தலையைத் தூக்கினாள். கண்ணாடிக்குள் தண்ணீர். அம்மா குனிந்து அதை வாங்கி, டால்பின்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

"திரும்பும்மா! கையை நீட்டினா தொடலாம்!"

"இருடி. பெரிய சைஸை எடுத்துக் குடுத்திருக்கேன். என் புத்தி எங்க போச்சு?"

"அது கிடக்கட்டும்மா!"

"எப்படிக் கிடக்கும்? என் கண்ணாடி ஒழுகுச்சுன்னு போய்ச் சொல்லுவா."

வாரை இழுத்து இறுக்கினாள். வார் வழுக்கியது. மறுபடி இழுத்தாள். அதற்குள் மற்ற படகுகள் பார்த்துவிட்டன. எல்லாம் சத்தத்தோடு பாய்ந்து வர, டால்பின்கள் முழுகிப் போயின. பெண் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டாள். வெறும் நீலம். அம்மா நிமிர்ந்தபோது கடலில் படகுகள்தான் இருந்தன. அம்மாவுக்குப் பதில் கண்ணாரப் பார்த்தவள் செகரினிதான். அவளுக்கு அதில் ஆசையே இருந்ததில்லை.

"இன்னும் கொஞ்சம் நிறுத்தி வைங்கப்பா."

அந்த ஜோடிக்குக் குளிர், பசி. அப்பா படகைத் திருப்பினார்.

"இப்ப ஒழுகலையே?" என்று அம்மா அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

மறுநாள் அம்மாவால் எழுந்து நிற்க முடியவில்லை. மழை தொடங்கிய வாரம் போய்விட்டாள்.

எரித்த அன்றே சாம்பலைக் கடலில் விட வேண்டும். பூசாரி குறித்த நேரம் மத்தியானம்.

"மத்தியானம் டால்பினெல்லாம் ஆழத்துக்குப் போயிடுமேப்பா. நாளைக்கு விடியக்காலையில கரைக்கலாம்னு கேட்டுப் பாருங்க."

"கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு."

அதற்கு மேல் யாரிடம் சண்டை போடுவது என்று செகரினிக்குத் தெரியவில்லை. மத்தியான வெயிலில் படகு போனது. மற்ற இடமெல்லாம் காலி. இளநீர் ஓட்டிலிருந்த சாம்பலை அவள் சாய்த்தாள். தண்ணீர் கொஞ்ச நேரம் வெளுத்துக் கிடந்து தெளிந்தது. அப்பா எஞ்சினைத் தொடாமல் தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலாம்ப்பா. இந்த நேரத்துக்கு வராது."

"எனக்குத் தெரியாதா?" என்றார். ஆனால் அசையவில்லை.

கடைசியில் எஞ்சின் கயிற்றைச் செகரினிதான் இழுத்தாள்.