சைக்கிளில் போன சித்திக்கு அறை கிடைத்த விதம்

எனக்கு எட்டு வயது நடந்தபோது, என் சித்தி என்னை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து பெங்களூர் லிங்கராஜபுரத்திலிருந்து தலக்காடு காவிரிக் கரைவரை கூட்டிப்போனாள். போக மூன்று நாள், திரும்பிவர பஸ் என்று கணக்கு. பஸ்ஸிலேயே போனால் அரை நாளில் போய்விடலாமே, எதற்கு இந்தப் பாடு என்று அப்பா கேட்டார். மெயின் ரோட்டில் போகப்போவதில்லை, ஏரிக்கரை, தோப்பு, மாட்டுவண்டித் தடம் என்று மண்பாதையாகவே போகப்போகிறேன் என்றாள் சித்தி. அப்பா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தம்பி பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டில் ஒரு வாய் குறைந்தால் நல்லது, அதிலும் என் வாய் குறைந்தால் ரொம்ப நல்லது என்று எல்லோரும் நினைத்த காலம் அது.

சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணமாகி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. சித்தப்பா துபாயில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். அப்படி வந்த ஒருமுறை கியர் வைத்து, தடித்த டயர் போட்ட சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். மேடும் பள்ளமும் பார்க்காமல் போகிற வண்டி. அதில் சித்தி சுடிதார் போட்டுக்கொண்டு போனால் எங்கள் தெருவில் காய் வாங்குகிறவர்கள் தராசைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்ப்பார்கள்.

தம்பிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று வந்தவர்கள் எல்லோரும் அவனைக் கை மாற்றிக் கை மாற்றித் தூக்கினார்கள். எனக்கும் சித்திக்கும் மட்டும் முறை வரவில்லை. எனக்குக் கையில் பலம் போதாது என்று சொன்னார்கள். சித்திக்கு என்ன காரணம் சொன்னார்கள் என்று நினைவில்லை. சொன்னார்களா என்பதும் நினைவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டோம். அங்கேதான் சித்தி, "என்கூட சைக்கிள்ல வர்றியா கண்ணு?" என்று கேட்டாள்.

அந்த வண்டிக்குக் கேரியர் கிடையாது. எனக்காகவே ஒரு கேரியர் செய்யச் சொல்லி, அதன்மேல் வைக்க ஒரு மெத்தையும் தைத்தாள். மூன்று மாதமாக எனக்காக என்று யாரும் ஒன்றும் செய்திருக்கவில்லை. கிளம்பிய அன்று தெருமுனைவரை தலையை நிமிர்த்திக்கொண்டே போனேன்.

முதல் நாள் சாயங்காலம் கனகபுரா போய்ச் சேர்ந்தோம். லாட்ஜில் இருந்தவர் முதலில் சைக்கிளைப் பார்த்தார், பிறகு முழங்கால்வரை சேறு அப்பியிருந்த சித்தியைப் பார்த்தார், யஜமானர், அதாவது வீட்டுக்காரர், எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். அவர் பின்னால் வருகிறார், இது என் மகள் என்று சித்தி கன்னடத்திலேயே சொன்னாள். அவர் என்னை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அறைக்குள் போனதும் சித்தி கட்டிலில் விழுந்து சிரித்தாள். "போன வருஷம் நான் தனியா வந்தப்ப இதே ஊர்ல நாலு லாட்ஜ்லயும் ரூம் இல்லன்னுட்டாங்க. ஒத்த பொம்பளைக்கு ரூம் குடுத்தா பேரு கெட்டுப்போயிடுமாம். பஸ் ஸ்டாண்ட்ல உக்காந்திருந்துட்டு மொத பஸ்ஸுக்கே திரும்பிட்டேன். இப்ப பாத்தியா? உன் மூஞ்சியப் பாத்ததும் சாவியக் குடுக்கிறான்!"

நானும் சிரித்தேன். பல் தேய்க்கும்போதுதான் மெல்ல உறைத்தது. கேரியர், மெத்தை, கண்ணு என்று கூப்பிட்டது எல்லாமே இந்தச் சாவிக்குத்தான். வீட்டில் நான் ஜாஸ்தி. இங்கே லாட்ஜ்காரருக்குக் காட்டுவதற்கு ஒரு மூஞ்சி. அன்றைக்கு எனக்கு வந்த அழுகையை வாளித் தண்ணீர்ச் சத்தத்தில் மறைத்துக்கொண்டேன்.

மறுநாள் முழுக்க நான் பேசவில்லை. சித்தி மேட்டில் இறங்கி வண்டியைத் தள்ளினாள். நான் இறங்காமல் உட்கார்ந்தே இருந்தேன். வழியில் நாவல்பழம் பொறுக்கிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன், நன்றி சொல்லவில்லை. "வாயில என்ன, பூட்டா?" என்று கேட்டுப் பார்த்தாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள். இரண்டு பக்கமும் பட்டுப்புழுவுக்கு வளர்க்கும் முசுக்கட்டைத் தோட்டம், நடுவில் செம்மண் தடம், ஒரே சைக்கிளில் ஒருவரோடொருவர் பேசாத இரண்டு பேர். அவ்வளவு தனியாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

இருட்டுவதற்குள் ஒரு கிராமத்தை அடைந்தோம். அங்கே லாட்ஜ் கிடையாது. ரைஸ் மில்லுக்குமேல் ஒரு அறை இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்குக் கொடுப்பார்கள் என்று டீக்கடையில் சொன்னார்கள். மில்காரர் மனைவி கதவைத் திறந்தார். சித்தி அதே கதையைச் சொன்னாள். அந்த அம்மா பாயும் தலையணையும் எடுத்து வைத்தார், எங்களுக்குக் கேழ்வரகு முத்தைக் களிகூடக் கிண்டத் தொடங்கிவிட்டார். சித்தி கால் கழுவக் குழாயடிக்குப் போன நேரம் அவர் என் கன்னத்தைத் தடவி, "நிம்ம அம்மானா?" என்று சும்மா கேட்டார்.

"இல்ல. அம்மாவோட தங்கச்சி," என்றேன் கன்னடத்தில். "எங்கம்மா பெங்களூர்ல இருக்காங்க. இவங்களுக்குக் கொழந்தையே கெடையாது."

பொய் சொல்லக்கூடாது என்று சண்டே கிளாஸில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் அதற்காக நான் சொல்லவில்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

அந்த அம்மாவின் கை என் கன்னத்திலிருந்து விலகியது. அவர் உள்ளே போய் மில்காரரைக் கூட்டிவந்தார். யாருடைய குழந்தை, எங்கே கொண்டுபோகிறாய், நாளைக்குப் போலீஸ் வந்தால் யார் பதில் சொல்வது என்று அவர் கேட்கக் கேட்க, சித்தி ஈரக் காலோடு நின்றுகொண்டிருந்தாள். வீட்டு போன் நம்பரைச் சொன்னாள். அந்த ஊரில் போன் வேலை செய்யவில்லை. களி வெந்துகொண்டிருந்த வாசனை எங்கள் பின்னாலேயே தெருவரை வந்தது.

கடைசியில் மாட்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில்தான் படுத்தோம். அங்கே வேலை பார்த்தவர் எதுவும் கேட்காமல் இரண்டு சாக்கைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். மழை பிடித்துக்கொண்டது. சித்தி தன் ஸ்வெட்டரை எனக்குப் போட்டு, சாரல் அடிக்கிற பக்கம் தான் படுத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

ரொம்ப நேரம் கழித்து, "அம்மான்னு ஒரு வார்த்த சொன்னா என்ன ஆயிடும் கண்ணு?" என்றாள்.

"அது பொய்."

"ஆமா," என்றாள் சித்தி.

மூன்றாம் நாள் மதியம் தலக்காடு வந்தது. மணலில் கொஞ்ச நேரம் ஓடினேன். எனக்குக் கோபம் பாதி போயிருந்தது. ஆற்றுக்குப் போகும் வழியில் ஒரு விடுதி. நடத்தியது ஒரு வயதான பெண். அவருக்கு எங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள எந்த ஆசையும் இல்லை. யஜமானரைக் கேட்கவில்லை, என்னைப் பார்க்கக்கூட இல்லை. சாவியையும் நோட்டையும் தள்ளிவிட்டு, பூத் தொடுப்பதைத் தொடர்ந்தார். தனியாக வந்திருந்தாலும் அங்கே சித்திக்கு அறை கிடைத்திருக்கும்.

சித்தி தன் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே என் பெயரை எழுதினாள். உறவு என்று போட்டிருந்த கட்டத்தில், அவசரமே இல்லாமல், அழகான கையெழுத்தில், இங்கிலீஷில் 'மகள்' என்று எழுதினாள். எழுதிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இவங்கதான் ஒண்ணுமே கேக்கலையே சித்தி, அப்புறம் ஏன் பொய் எழுதுறே?" என்றேன்.

நான் பேனாவை அவள் கையிலிருந்து வாங்கி அந்த வார்த்தையை அடித்தேன். அக்கா மகளுக்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை என்று தெரியாததால், 'இவர் என் அம்மாவின் தங்கை' என்று குண்டு குண்டாக எழுதினேன். கட்டத்துக்குள் இடம் போதாமல் எழுத்து வெளியே ஓடியது. சித்தி குனிந்து படித்தாள்.

"இப்ப சரியா இருக்கு," என்றாள்.

மறுநாள் சைக்கிளை பஸ்ஸின் கூரையில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினோம். வாசலில் அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். "ஜாஸ்தி தொந்தரவு குடுத்தாளா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. உண்மையத்தான் பேசுனா," என்றாள் சித்தி.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சண்டே கிளாஸில் எழுந்து நின்று, நோட்டில் அடித்துத் திருத்திய கதையைச் சொன்னேன். டீச்சர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்து சித்தி வீட்டுக்கு வந்தபோது சைக்கிளில் கேரியர் இல்லை. ஏன் கழற்றிவிட்டாய் என்று கேட்டேன். கனமாக இருந்தது என்றாள். நான் போய் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அந்தக் கேரியர் வெறும் இரண்டு கம்பியும் ஒரு சின்னத் தகடும்தான், அதில் என்ன கனம் இருந்திருக்கும் என்று எனக்குப் புரியவே இல்லை.