பதில் சொல்லாத சக்கரம்

என் தம்பி ஜூட்சன் விமானம் ஓட்டுவான். டயகமத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்துக் காம்பிராவில், அந்த ஒற்றை அறையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து. பணக்காரர்கள் தொழில் விஷயமாக ஏறிப் போகிற, ஆறு பேர் அமரும் சிறிய ஜெட். சுக்கானைப் பழைய சாமான்களில் அவனே செய்தான். பகலில் அக்கரப்பத்தனையில் போன் திருத்துகிறான். யாரும் அவனுக்கு இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. கேட்கிறவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்வேன்.

"ஒங்க பிளேன்ல எங்கள அட்டன்ல எறக்கி விடுங்களேன், பஸ்ஸுல நின்னு காலு வீங்குது" என்பாள் பக்கத்துக் காம்பிரா வினோதா.

"மொதல்ல ஒங்க மகள தூங்க வைங்க. அவ அழுதா என் பயணிங்க பயப்படுறாங்க."

அம்மா இறந்த பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. ஓட்டுவதை மட்டும் அவன் விடவில்லை.

இப்படி ஓட்டுகிறவர்களுக்கு இணையத்தில் ஒரு சங்கம் இருக்கிறது. அதில் கேப்டனாக வேண்டுமென்று மூன்று வருடம் உழைத்தான். போன ஞாயிறு, பூசைக்குப் பிறகு சோதனை. பலாலி விமான நிலையத்தில் ஏறி இரத்மலானையில் இறங்க வேண்டும். கொழும்பிலிருந்து லக்ஸ்மன் என்பவர் ஹெட்போனில் அவனோடு பேசுவார். சரிபார்க்கும் பட்டியலை இன்னொருவர் வாசிக்க வேண்டும்.

"நீ வாசி அக்கா. தோட்டத்துப் பெரட்டுல காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற மாதிரிதான். நீ கூப்பிடு, நான் பதில் சொல்றேன்."

எட்டாம் வகுப்புப் படித்தவள் நான். பட்டியல் முழுவதையும் தமிழில், அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு எழுதிக்கொண்டேன்.

ஏறியது நன்றாக இருந்தது. இறங்கும் நேரம் வந்தது.

"சக்கரம்" என்றேன்.

அவன் அப்போது லக்ஸ்மனுக்கு ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அடுத்த வரிக்குப் போனேன்.

"விளக்கு."

"போட்டாச்சு."

சக்கரம் இறங்காமலே விமானம் வயிற்றால் தரையில் உரசி நின்றது. சக்கரம் இறங்காவிட்டால் ஸ்பீக்கரில் வரும் எச்சரிக்கைச் சத்தத்தை, வினோதாவின் குழந்தைக்காக அவன் எப்போதும் அடைத்து வைப்பான்.

ஹெட்போனைக் கழற்றினான்.

"ஒரு மாசம் கழிச்சு திரும்ப வரச் சொல்றாரு."

"சக்கரம்னு கூப்பிட்டேன்டா."

"எனக்குக் கேக்கல. பதில் வராம ஏன் அடுத்தத வாசிச்ச?"

"பெரட்டுல அப்படித்தானே."

அதுவரை அவனிடம் சொல்லாததைச் சொன்னேன். அம்மாவை அடக்கம் செய்த பிறகு நான் வேலைக்குப் போன முதல் நாள், பெரட்டில் "ரோசம்மா" என்று கூப்பிட்டார்கள். அம்மாவின் பெயரை இன்னும் வெட்டவில்லை. யாரும் பதில் சொல்லவில்லை. கணக்கப்பிள்ளை அடுத்த பெயருக்குப் போனார். அது என் பெயர். "இருக்கேங்க" என்றேன்.

சொல்லும்போது எனக்கு அழுகை வரவில்லை. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க அப்படி இல்லக்கா" என்றான் பிறகு. "பதில் வர்ற வரைக்கும் நிக்கணும்."

அதைப் பட்டியலில் சக்கரத்துக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். பழகிப் பார்க்க அவன் அப்போதே மறுபடி பலாலியில் ஏறினான். நாற்பது நிமிடத்தில் இரத்மலானை வந்தது.

"சக்கரம்."

பதில் இல்லை. விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தேன்.

"சக்கரம்."

"எறக்கியாச்சுக்கா."