நீளக் கம்புக் களைக்கொத்தி

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். சங்கரன்கோவில் பக்கத்துப் பருத்திக் காடுகளில் களையெடுக்கும் வரிசைக்கு அப்போது நான்தான் முதல் ஆள். களையோடு பயிரையும் வெட்டினவள் வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும் என்பது வழக்கம்.

எனக்கு முதுகு வலிக்கிறதென்று மகன் நீளக் கம்புக் களைக்கொத்தி வாங்கித் தந்தான். குட்டைக் கொத்தியை வீசுகிற பழக்கத்தில் குனிந்து ஓங்கினேன். பருத்திச் செடி அறுந்து விழுந்தது.

வரிசையில் எனக்கு அடுத்தவள், என் முதல் இடத்துக்குக் காத்திருந்த பேச்சியம்மாள் பக்கத்தில் நின்றாள். யாரும் பார்க்குமுன் செடியை எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டாள்.

"ஏக்கா, கம்பு புதுசு, வீச்சு பழசால்லா இருக்கு. ஓங்காத. நிமிர்ந்து நின்னு இழு" என்றாள்.

இழுத்தேன், களை மட்டும் வந்தது.

இப்போது நான் காட்டுக்குப் போவதில்லை. வரிசையில் முதல் ஆளாக நின்றதைவிட, செடியை ஒளித்த அவள் மடிதான் நினைவுக்கு வருகிறது.

இதை எழுதி முடித்துப் பேத்தியைக் கூப்பிட்டேன். "ஏட்டி மக்கா, எழுதினதை வாசி. பேச்சி பேரைச் சரியா எழுதியிருக்கேனா?"