படித்துப் புரிந்துகொண்டேன்

எங்கள் மோதி பாக் குடியிருப்பில் எழுத்தறிவு இல்லாதவர் ஒருவர்கூடக் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, சாமி. மகளிர் சங்கத் தலைவியும் என் மனைவியுமான அனந்தலக்ஷ்மி சொல்கிறாள். 'முழு எழுத்தறிவு பெற்ற காலனி' என்று விருது வாங்கப் பட்டுப்புடவை கூட எடுத்து வைத்துவிட்டாள். அந்த விருதுக்குக் குறுக்கே நின்றவர்கள் பதினோரு பேர். அதில் ஒருத்தி அம்பிகா. எங்கள் வீட்டிலும் இன்னும் மூன்று வீட்டிலும் சமைப்பவள்.

அம்பிகாவின் அப்பா கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு டெல்லி வந்தவர். ஒரு கட்டடம் எழும்பினால் குடும்பம் அடுத்த கட்டடத்துக்குப் போகும். போன இடத்துப் பள்ளியிலெல்லாம் முந்தைய பள்ளியின் சான்றிதழ் கேட்டார்கள். முந்தைய பள்ளி என்று ஒன்று இருந்தால்தானே கொண்டுபோவாள்? அதற்குள் இடுப்பில் ஒரு தம்பி ஏறிவிட்டான். அவன் இறங்கியதும் இன்னொருவன் ஏறினான். நான் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். 'எழுத்தறிவின்மை: காரணங்கள், விளைவுகள், தீர்வுகள்' என்ற கோப்பு ஏழு வருடமாக என் மேசையில்தான் தூங்குகிறது. காரணங்களுக்கு மட்டும் பதினெட்டுப் பக்கம். அதில் இந்தத் தம்பிகள் எங்கேயும் இல்லை.

படிக்கத் தெரியாதே தவிர அவள் யாரிடமும் ஏமாந்தவள் இல்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனால் காலி மசாலாப் பாக்கெட்டைக் கையோடு கொண்டுபோய், "இதே படம் போட்டது குடு பையா" என்பாள். டெல்லியில் 'பையா' என்றால் அண்ணன். போனில் எங்கள் வீட்டு நம்பருக்கு ஒரு காபி டம்ளர் படம் வைத்திருக்கிறாள். எந்தக் காகிதம் வந்தாலும் கட்டைவிரலை நீட்டிவிட்டு, "என்னா எழுதியிருக்குன்னு படிச்சு சொல்லுங்க" என்று நிற்பாள். கைநாட்டு வைப்பவருக்கு முழுதையும் படித்துக் காட்டி, படித்துக் காட்டினேன் என்று இன்னொருவர் கையெழுத்துப் போடவேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். ஆகவே டெல்லியில் அவளுக்கு முப்பத்திரண்டு வயதுவரை எல்லாரும் படித்துக் காட்டினார்கள்.

அப்போதுதான் எங்கள் வீட்டம்மா அவளைக் கைதூக்கிவிடக் கிளம்பினாள். எந்த மொழியில் சொல்லித்தருவது என்று சங்கம் மூன்று கூட்டம் போட்டது. மூன்று கூட்டத்திலும் சமோசா உண்டு. கடைசியில் அவரவர் தாய்மொழியில் அவரவர் பெயர் போதும் என்று முடிவாயிற்று. அனந்தலக்ஷ்மி டெல்லியிலேயே பிறந்தவள், தமிழில் கடைப்பலகை படிக்கவே கால்மணி ஆகும். 'ம்' மேல் புள்ளி உண்டா என்று மயிலாப்பூர் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பாடம் நடத்தினாள். பன்னிரண்டு நாளில் அம்பிகா தன் பெயரைக் கோலம் போடுவதுபோல் போடக் கற்றுக்கொண்டாள். எழுதவும் படிக்கவும் தெரிந்தவர் என்று சான்றிதழும் கொடுத்தாயிற்று.

"மாமி, இனிமே எவனும் என்னைக் கைநாட்டுன்னு சொல்ல முடியாதுல்ல?" என்று கேட்டபோது அவள் கண் கலங்கியிருந்தது. பாவி, எனக்கும் கலங்கியது.

அதே மாதம் அவள் பெண் சுஷ்மாவுக்கு, ஏழைக் குழந்தைகளுக்கான குலுக்கலில் பெரிய தனியார் பள்ளி ஒன்றில் இலவச இடம் விழுந்தது. பெயரைச் சொல்லமாட்டேன், எனக்கு வம்பு வேண்டாம். ஒன்றாம் வகுப்பு இடம். அதற்காக அம்பிகா இரண்டு வருடம் அலைந்திருக்கிறாள். பள்ளி கவுன்ட்டரில் இருந்தவன் இந்தியில் அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினான். வழக்கம்போல் கட்டைவிரலை நீட்டப் போனவள், சட்டென்று நினைவு வந்து பேனாவைக் கேட்டு வாங்கி, புள்ளி தவறாமல் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்துப் போடுகிறவளுக்கு எதற்குப் படித்துக் காட்டவேண்டும்? அவன் வாங்கி வைத்துக்கொண்டான். அதற்கு முன் அவள் அதைத் தன் கையெழுத்தோடு போனில் படம் எடுத்து மாமிக்கு அனுப்பியிருந்தாள்.

மாமி சும்மா இருப்பாளா? சங்கத்து வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டாள். அரைமணிக்குள் நாற்பத்திரண்டு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். எம்.ஏ., பி.எச்டி., ஓய்வுபெற்ற இணைச் செயலாளர் வரை சகலரும். ஆபீஸில் இருந்தபடியே நானும் ஒன்று வைத்தேன்.

திங்கட்கிழமை சுஷ்மாவைப் பள்ளி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்பிகா அழுதுகொண்டு வந்து நின்ற பிறகுதான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'என் சொந்த விருப்பத்தின்பேரில் இந்த இடத்தை விட்டுக்கொடுக்கிறேன். மேற்கண்டதைப் படித்துப் புரிந்துகொண்டேன்.' கீழே முத்து முத்தாக அம்பிகா. அடப்பாவிகளா! நாற்பத்து மூன்று படித்த முண்டங்களில் ஒருவர்கூட அதைப் படிக்கவில்லை. நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து கைநாட்டு வைத்திருக்கிறோம்.

கல்வி அலுவலகத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்லவர்தான், ஆனால் கோப்பைத் தாண்டி யோசிக்காதவர், என்னைப்போல. விருதுக்காகச் சங்கம் அனுப்பியிருந்த பட்டியலைப் புரட்டிப் பார்த்து, "இவருக்குப் படிக்கத் தெரியும் என்று சங்கமே சான்றிதழ் கொடுத்திருக்கிறதே. அது தப்பு என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால், தாளைச் செல்லாததாக்கி இடத்தைத் திருப்பித் தரலாம். வெள்ளிக்கிழமைக்குள் வரவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த குழந்தைக்குப் போய்விடும்" என்றார்.

விருது விழாவும் வெள்ளிக்கிழமைதான்.

"ஏன்னா, அதெப்படி எழுதறது?" என்று அனந்தலக்ஷ்மி என்மேல் பாய்ந்தாள். "பத்துப் பேர் பாஸ், ஒருத்தி ஃபெயில்னா விருது போயிடும். ஊரெல்லாம் சொல்லியாச்சு. என் மானம் என்ன ஆறது? வேணும்னா அடுத்த வருஷம் திரும்பக் குலுக்கல்ல போட்டுப் பார்க்கட்டுமே."

"அடுத்த வருஷம் உனக்கும் விருது வருமே, அதுவரை காத்திருக்கலாமே" என்றேன். வாய் கொழுப்புதான். பாதி பேச்சில் அம்பிகா சமையலறையிலிருந்து வந்தாள். பத்திரமாகப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த சான்றிதழை மேசைமேல் வைத்தாள்.

"மாமி, எனக்குப் படிக்கத் தெரியாது. தெரியாதுன்னே எழுதிக் குடுத்துடுங்க. எனக்கு வெக்கமில்ல."

அனந்தலக்ஷ்மி சான்றிதழை அவள் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"நீங்க எழுதலன்னாலும் பரவால்ல மாமி. ஆனா இன்னும் இருபது வருஷம் கழிச்சும் உங்க கிளாஸை மூடிடாதீங்க. சுஷ்மா வருவா."

மாமி முகம் செத்துவிட்டது. அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்தாள், ஒவ்வொரு வரியாகத் தானே படித்துப் பார்த்து. விருது போனது. பட்டுப்புடவை மறுபடி பீரோவுக்குள் போனது. என்னோடு நான்கு நாள் பேசவில்லை, நிம்மதியாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை கல்வி அலுவலக உத்தரவோடு நானும் அம்பிகாவும் போனபோது பள்ளி கவுன்ட்டரில் அதே ஆள். பின்னால் ஏகப்பட்ட வரிசை. சேர்க்கைப் படிவம் நான்கு பக்கம். பேனாவை நீட்டி, "இங்கே கையெழுத்து, ஜல்தி" என்றான். அம்பிகா பேனாவைத் தொடவில்லை. மைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கட்டைவிரலைக் காட்டினாள்.

"நான் கைநாட்டு, பையா. முதல் வரியிலேர்ந்து சத்தமாப் படி."

அவன் என்னைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், வேறு வழியில்லாமல் படிக்க ஆரம்பித்தான். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியைத் தாண்டிப் போனான் போலிருக்கிறது. தாளின்மேல் ஓடிக்கொண்டிருந்த அவன் விரலையே கவனித்துக்கொண்டிருந்தவள், "அது என்னா, விட்டுட்ட?" என்று கேட்டாள். அவன் அந்த வரிக்குத் திரும்பிப் போய்ப் படித்தான்.