கேமரா என்னுடையது, பாடம் என் கணவருக்கு

இன்று செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் எனக்கு வீடியோ எடுக்கக் கற்கும் முதல் வகுப்பு. நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் படமெடுக்க ஒரு பெண் வேண்டும் என்று செஞ்சியில் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். அதற்காகத்தான் கற்றுக்கொள்ளப் போனேன்.

வண்டி ஓட்டி வந்த என் கணவர் பக்கத்தில் நின்றார். கற்றுக்கொடுக்க வந்த ஸ்டுடியோக்காரர் என் கேமராவை வாங்கி அவர் கையில் கொடுத்தார்.

“பாய், வெளிச்சம் உங்க முதுகுப் பக்கம் இருக்கணும்.”

“ஃபோகஸ் எப்படி வைக்கிறது?” என்று நான் கேட்டேன். ஸ்டுடியோக்காரர் பதிலையும் என் கணவரிடமே சொன்னார்.

“அண்ணே, கத்துக்க வந்தது அவங்க. எனக்கு இன்னா தெரியும்?” என்றார் என் கணவர்.

“பரவால்ல பாய். நீங்க கத்துக்கினு வூட்ல போய்ச் சொல்லிக் குடுங்க.”

கேமராவைப் பிடுங்கிக்கொண்டேன்.

“என்னப் பாத்துச் சொல்லுங்க. இல்லன்னா நான் கெளம்புறேன்.”

அப்போதும் அவர் என் கணவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

“இன்னா பாய், கோச்சிக்கிறாங்க?”

கிளம்பி வந்துவிட்டோம்.

செஞ்சியிலோ திண்டிவனத்திலோ பெண்ணின் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொடுப்பவர் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். கணவரை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வருகிறேன்.